பாதியில் நிற்காதவள்

ஜூலை 2

தனு இன்று பாலாடையில் ஊற்றிய பாலை முழுதாகக் குடித்துவிட்டாள். மூக்கு வழியாகத் திரும்பி வந்தது கொஞ்சம்தான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் மில்லுக்கு நைட் ஷிப்ட் போய்விட்டார். மாமா டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டார். இந்த டைரி மருந்துக் கடையில் கொடுத்தது, சும்மா கிடந்தது.

பிறந்த அன்று நர்ஸ் இவளை மூக்கு வரை துணியால் மூடித்தான் கொண்டுவந்தாள். நானே விலக்கிப் பார்த்தேன். இடது பக்கம் மேலுதடு பிளந்து மூக்குத் துளைக்குள் போயிருந்தது. உள்ளே அண்ணமும் சேரவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் கிரகணத்தன்று வெளியே போனாயா என்றுதான் கேட்டார்கள். எந்தக் கிரகணம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தாரணி வந்தாள். அவருடைய தங்கை. சேலத்துக்கு வெளியே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் எம்.டி.எஸ். கடைசி வருடம் படிக்கிறாள். அவள் பிரிவே இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கானது. குழந்தையை வாங்கி, வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணி, சிரிங்க பாக்கலாம். உங்க பொண்ணு சூப்பரா இருக்கா. ரெண்டு ஆபரேஷன், முடிஞ்சுது" என்றாள். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் என் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது அவள் ஒருத்திதான். நிமிர்த்தி உட்காரவைத்துப் பால் புகட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

துணி ஊற வைக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 9

தாரணியின் கல்லூரிக்குப் போனோம். உதடு தைக்கும் ஆபரேஷன் ஐந்தாம் மாதத்தில். அதுவரை என்ன செய்வது என்பதில்தான் அவள் ஆராய்ச்சி.

"சில பிள்ளைங்களுக்கு அண்ணத்துல ஒரு சின்ன பிளேட் வெச்சு, வாரா வாரம் அதை ராவி, மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கி விடுவோம். சில பிள்ளைங்களுக்கு உதட்டை இழுத்து டேப் மட்டும் ஒட்டுவோம். ஆபரேஷனுக்கு அப்புறம் எந்த மூக்கு நல்லா வருதுன்னு அளக்கணும். அதான் அண்ணி என் தீசிஸ்."

"யாருக்கு எதுன்னு யார் முடிவு பண்றது?"

"யாருமே இல்ல. ஒட்டின கவர் வரிசையா இருக்கு. பிரிச்சா வர்றது."

எனக்கு அந்த இடத்தில்தான் பயம் போனது. மூன்று வருடம் புள்ளியியல் படித்து எதற்கும் உபயோகமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள் நான். ஆனால் இது எனக்குத் தெரியும். யாரும் கை வைக்க முடியாத இடம் இது. பணக்காரன் பிள்ளை, ஏழை பிள்ளை, டாக்டரின் அண்ணன் பிள்ளை எல்லாம் அங்கே ஒன்று.

வெளியே பெஞ்சில் சங்ககிரியிலிருந்து பரிமளா என்று ஒருத்தி. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அவள் பையனுக்கும் இதே போல், இதே இடது பக்கம். ஆராய்ச்சி என்றதும் கிளம்பிப் போகவே எழுந்துவிட்டாள். நான்தான் உட்காரவைத்தேன்.

"சீட்டு குலுக்கற மாதிரிதாங்க்கா. டாக்டரே நெனச்சாலும் மாத்த முடியாது."

"அட ஏனுங்க, எம்பையன் என்ன ஏலச்சீட்டா?" என்று சிரித்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

ஜூலை 16

இன்று கவர் பிரித்தார்கள். தனு பசி வந்து வீறிட்டதால் நான் பால் கொடுக்கும் அறையில் இருந்தேன். அவர்தான் தாரணியோடு உள்ளே போனார். ரொம்ப நேரம் ஆயிற்று. வெளியே வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "டேப்பு" என்றார்.

அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. "விடுங்க, எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னுதானே ஆராய்ச்சி. நமக்கு வந்தது இது" என்றேன். தலையை ஆட்டினார்.

பரிமளாவுக்கு பிளேட். வெளியே வந்தவள் என் கன்னத்தைக் கிள்ளி, "உங்க வாய் முகூர்த்தமுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பாத்திரம் முழுவதும் கழுவிவைத்தார். வீட்டைப் பெருக்கினார். நாளைக்கு எனக்கு ஒரு சேலை எடுக்கலாம் என்றார். எதற்கு என்றதற்கு, சும்மா என்றார். எத்தனை பேருக்கு இப்படிப்பட்டவர் வாய்ப்பார்?

ஜூலை 30

டேப் ஒட்டின இடத்தில் கன்னம் கன்றிச் சிவந்துவிட்டது. எண்ணெய் தொட்டு உரித்தாலும் கத்துகிறாள். இனி கன்னத்தில் முதலில் ஒரு மெல்லிய ஒட்டு, அதன்மேல் டேப் என்று தாரணி சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

கல்லூரியில் செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் கூட்டம்தான். பிளேட் பிள்ளைகளுக்கு உள்ளே வேலை நடக்கும். ராவுவார்கள், பஞ்சு போல ஏதோ சேர்ப்பார்கள், மூக்குக்குள் போகும் கம்பியை ஒரு நூல் அளவு உயர்த்துவார்கள். தாய்மார்கள் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு ஒரு போட்டோ, புது டேப் ஒரு சுருள், அடுத்த வாரம் வாங்க.

டேப் வந்த ராசிபுரத்துப் பெண் வருவதில்லை. மேட்டூர்க்காரியும் நின்றுவிட்டாள். "இதுக்கு பஸ் ஏறி வரணுமா, டேப்ப நானே ஒட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

தாரணி என் தோளில் சாய்ந்துகொண்டாள். "டேப் குரூப்ல இன்னும் ரெண்டு பேரு போனா எனக்கு ஆறு மாசம் அவுட் அண்ணி. கைடு மேடம் எக்ஸாமுக்கே விட மாட்டாங்க."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

"நீங்க இருக்கீங்க" என்றாள். அழுதாள். பாவம், தூக்கமே இல்லை அவளுக்கு.

ஆகஸ்ட் 20

தாரணி கேட்டதால் மேட்டூர்க்காரிக்கு நான் போன் செய்தேன். எல்லாம் சமவாய்ப்பு, சீட்டுக் குலுக்கல்தான், யாரும் வேண்டுமென்று நமக்கு டேப் போடவில்லை என்று புரியவைத்தேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள்.

செப்டம்பர் 10

பரிமளாவின் பையன் மூக்கு எழும்பிவிட்டது. உண்மையிலேயே.

தனுவுக்கும் உதட்டு இடைவெளி குறைந்திருக்கிறது. மூக்கு அப்படியேதான் படுத்திருக்கிறது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு வைத்துப் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது என்று முதல் வருடமே படித்தேன். எனக்குத் தெரியும். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 11

அவரிடம் கேட்டேன், பிளேட் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று. "வராததப் பத்தி என்ன பேச்சு" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். மில்லில் ஆள் குறைப்பு என்கிறார்கள், அந்தக் கவலையாக இருக்கும்.

நவம்பர் 7

உதடு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

தையலைப் பிடுங்காமலிருக்க இரண்டு முழங்கையிலும் அட்டை கட்டியிருக்கிறார்கள். பொம்மை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள். உதடு ஒட்டிவிட்டது. எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். சர்ஜன் கைராசிக்காரர், தையல், நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

ஒன்று எழுத வெட்கமாக இருக்கிறது. இவளுடைய பழைய சிரிப்பைக் காணோம். முகம் முழுக்கத் திறந்துகொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாளே, அது. இனி அது எங்கேயும் கிடையாது. பரிமளாவிடம் சொன்னேன். "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது. யார்கிட்டச் சொல்லறது, சொன்னா அடிப்பாங்க" என்றாள்.

டிசம்பர் 24

வீக்கம் வடிந்துவிட்டது. இடது மூக்குத் துளை சற்றுச் சப்பையாக, கீழே இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் இன்னொரு முறை சரி செய்யலாம் என்கிறார் சர்ஜன்.

ஜனவரி 17

மாட்டுப்பொங்கல் முடிந்து மாமாவின் பங்காளி ஒருவர் ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார். கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோனேன். மாமா மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தாரணி படிப்பு நெலைச்சு நிக்கறதே எங்க மருமக சிந்துஜாவாலதான் பாத்துக்கோ. அந்த டேப்பு வந்தவளுகெல்லாம் பாதியில நின்னுக்கறாளுக. அதுக்குத்தான் புள்ள ரோசனை பண்ணி, பிளேட்டு வந்த நம்ம பாப்பாவ டேப்புக்கு மாத்திக்கிட்டா. வீட்டாளுன்னா எங்க போயிருவாங்க? ஏன் அம்மிணி?"

என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்கள்.

உள்ளே வந்து தனுவின் பக்கத்தில் படுத்தேன். மாமா எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருப்பார். அவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் என்ன தெரியும்.

ஜனவரி 18

தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

அவர் இட்லி சாப்பிடும்போது கேட்டேன். கவரில் என்ன இருந்தது?

கை நின்றது. "யார் சொன்னா?"

"என்ன இருந்துச்சுங்க?"

"பிளேட்டு" என்றார். அப்புறம் தானாகவே எல்லாம் வந்தது. பரிமளா முந்தின வாரமே தாரணியிடம் சொல்லிவிட்டாளாம், பிளேட் என்றால் இருப்பேன், இல்லையென்றால் கோயமுத்தூர் போய்க்கொள்கிறேன் என்று. அன்றைக்கு அவள் கவரில் டேப். நம்முடையதில் பிளேட். "தாரணி என் கையப் புடிச்சு அழுதா சிந்து. ஏற்கெனவே ஆளு பத்தல. அந்தப் பொம்பள போயிருவா, அண்ணி போக மாட்டாங்கண்ணான்னு சொன்னா. நானென்ன பண்ணட்டும்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் இருவரும் சொல்லவில்லை.

"எது நல்லதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு நீயேதானே சொன்ன" என்றார். என் வார்த்தையையே எடுத்து என்மேல் போட்டார். சட்னி கேட்டார். போட்டேன்.

ஜனவரி 19

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதுக்கென்ன கண்ணு பண்றது, குடும்பத்துக்குள்ள" என்றாள். அவள் என்னமோ பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை பறித்ததைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

ஜனவரி 26

தாரணி வந்தாள். அண்ணன் சொல்லியிருக்கிறார் போல. செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, என்னைத் திட்டிருங்க."

நான் திட்டவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இது வரைக்கும் வந்த அளவெல்லாம் பாத்தேன் அண்ணி. ரெண்டு குரூப்புக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. பிளேட் வெச்சிருந்தாலும் தனுவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். நீங்க புள்ளியியல் படிச்சவங்க, உங்களுக்கே தெரியும்."

"படிச்சதாலதான் கேக்கறேன். நீ கையால மாத்தி வெச்ச அளவை வெச்சுக்கிட்டு வித்தியாசம் இல்லன்னு எப்படிச் சொல்லுவ?"

"ரெண்டே ரெண்டு பிள்ளைங்கதான் அண்ணி."

"ரெண்டுல ஒண்ணு என் பிள்ளை."

ஒரு துணியை எடுத்துத் தானும் மடித்துக்கொண்டே, "மத்தவங்கன்னா விட்டுட்டுப் போயிருவாங்க. நீங்க என்னை நம்புனீங்க" என்றாள்.

நான் நம்பியதையே காரணம் என்று சொல்கிறாள். சமாதானமாகச் சொல்கிறாள்.

போகும்போது வாசலில் நின்று, "பிப்ரவரில மூக்கை அளக்கறதுக்குக் கடைசி அச்சு எடுக்கணும், வருவீங்கல்ல?" என்றாள். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அதைக் கேட்டாள். வருவேன் என்றேன்.

ஜனவரி 28

பரிமளாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்தானே அவளை உட்காரவைத்தேன். போனில் சொன்னேன்.

லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

"அப்ப உம்பொண்ணுக்கு வந்ததத்தான் எம்பையன் போட்டிருந்தானா?"

"உங்க தப்பில்லைங்க்கா."

"எனக்கு பிளேட்டு வேணும்னு சத்தம் போட்டது நெசம். யார்கிட்டருந்து புடுங்கிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது சிந்து." பிறகு, "நீயும் சத்தம் போட்டிருக்கணும்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். என்மேலா, தன்மேலா தெரியவில்லை.

பிப்ரவரி 11

கடைசி அச்சு. மூக்குக்கும் உதட்டுக்கும் மேலே குளிர்ந்த மாவை வைத்து, அது இறுகும்வரை தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்தான் பிடித்தேன். தனு அலறினாள். தாரணியின் கை நடுங்கவேயில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

கைடு டாக்டர் ஜெபராணி வந்து பார்த்தார். "பாதியில நிக்காம கடைசி வரைக்கும் வந்தீங்க. உங்களை மாதிரி தாய்மார் இருந்தா எங்க வேலை சுலபம்" என்றார்.

தனுவின் அப்பா பக்கத்தில்தான் நின்றார். என் முழங்கையைத் தொட்டார். வேண்டாம் என்று.

"மேடம், எம்பொண்ணுக்கு கவர்ல வந்தது பிளேட். டேப்புக்கு மாத்திட்டாங்க" என்றேன்.

குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் தாரணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள், அதனால் கேட்டிருக்கிறது.

டாக்டர் ஜெபராணி என்னைப் பார்க்கவில்லை. தாரணியைப் பார்த்தார். "ஆமாவா?" என்றார். தாரணி தலையாட்டினாள். "எந்த பேபியோட?" தாரணியே சொன்னாள்.

பிறகு என்னிடம், "நீங்க என்ன எதிர்பார்க்கறீங்கம்மா?" என்று கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் சொல்வதைப் பற்றித்தான் யோசித்தேன். "எம்பொண்ணை சமவாய்ப்புல வந்தவள்னு எழுதாதீங்க" என்றேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"அப்படி எழுத முடியாது. நடந்ததைத்தான் எழுதணும். எழுதுவோம்" என்றார். அந்தம்மா குரலில் கோபம் யார்மேல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் என்மேலும் இருந்திருக்கும்.

காரில் ஓமலூர் தாண்டியதும் அவர், "ஒரு நூல் மூக்கு. அதுக்கு எந்தங்கச்சியக் கொண்டுபோய் நிறுத்திட்ட" என்றார்.

மூக்குக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தனு என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13

தாரணிக்கு இந்த முறை பரீட்சை எழுத முடியாது. ஆறு மாதம் தள்ளிவிட்டார்கள். அவள் எதற்குப் பயந்தாளோ அதுவே.

மாமா சாப்பிட வரவில்லை. தட்டை அவர் அறைக்கே கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "வீட்டுப் பிள்ளையக் காட்டிக் குடுத்துட்டியே அம்மிணி."

"தனுவும் வீட்டுப் பிள்ளைதானே மாமா?"

திரும்பினார். தட்டை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 20

அவர் மில்லிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார். தனுவுக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. சொல்ல ஆளில்லை, எழுதுகிறேன்.

மார்ச் 22

அவர் பேச ஆரம்பித்துவிட்டார். கேஸ் தீர்ந்ததா, பால்காரன் வந்தானா, இந்த மாதிரி. நானும் பதில் சொல்கிறேன். யாராவது பார்த்தால் நல்ல குடும்பம் என்பார்கள்.

அண்ணத்தை மூடும் ஆபரேஷன் ஏப்ரலில். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வேண்டாம் என்றேன். சர்ஜன்மேல் எனக்குக் குறையில்லை. அந்தக் கை இவள் வாயை அறியும். நேற்று நானே தனியாகப் போய் சர்ஜனிடம் ஒன்றரைப் பக்கம் கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். சலித்துக்கொண்டார். சலிக்கட்டும்.

ஏப்ரல் 15

ஆபரேஷன் முடிந்தது. இரத்தம் நின்றுவிட்டது. தூங்குகிறாள். இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். தாரணி வந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன், இளைத்துவிட்டாள். பச்சை கவுன் போட்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாக வந்திருக்கிறாள். குழந்தையை உள்ளே கொண்டுபோக யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் கையை நீட்டினாள்.

தனு அவளைப் பார்த்ததும் கெக்கலித்துக்கொண்டு தாவினாள். உடம்பு முழுவதையும் எறிந்து தாவினாள். தன்னை முதன்முதலில் பார்த்துச் சிரித்த முகம். அவளுக்கு என்ன தெரியும்?

அவர் என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். தாரணியும்கூட.

தனுவின் இடுப்பிலிருந்து என் கையை எடுக்கவில்லை.

"நானே உள்ள வரைக்கும் வர்றேன்" என்றேன்.

"தாயெல்லாம் உள்ள விட மாட்டாங்க அண்ணி."

"கேட்டுட்டேன். மயக்கம் குடுக்கற வரைக்கும் நிக்கலாம்னாங்க."

எனக்கும் ஒரு பச்சை கவுன் கொடுத்தார்கள். கயிறு முதுகுப் பக்கம். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு கட்ட வரவில்லை. தாரணி பின்னால் வந்து நின்றாள். கேட்காமலேயே முடிச்சுப் போட்டாள். அவள் விரல் என் கழுத்தில் பட்டது, சில்லென்றிருந்தது. நன்றி என்று வாயில் வந்ததை விழுங்கினேன்.

உள்ளே போய், தனு கண் சொருகிக் கனக்கும் வரை அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.